குளிரூட்டலுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. அப்புறம் எதற்கு இத்தனை மாநாடுகள்?

பிப்ரவரி 4, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

குழந்தை மருத்துவம் படிக்கிறேன். பிறக்கும்போது ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்படும் குழந்தைகளுக்கு 2005 வாக்கில், உடல் வெப்பத்தைக் குறைத்துவைக்கும் குளிரூட்டல் சிகிச்சை வந்தது. அதன் பிறகு ஒரு மருந்துகூட நிரூபணமாகவில்லை. ஆனால் பச்சிளங்குழந்தைகளின் மூளைக் காயம் பற்றி ஆண்டுதோறும் எங்காவது ஒரு மாநாடு நடக்கிறது. அதே முகங்கள், அதே எலிகள், அதே வரைபடங்கள். அந்தப் பணத்தில் செவிலியர்களை நியமிக்கலாமே? யாராவது மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தேன். இப்போது அங்கிருந்து வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். செவிலியர்களை நியமிக்கலாம் என்றீர்களே, அதற்கு இரண்டு கைகளையும் தூக்குகிறேன். மற்றதில் உடன்பாடில்லை.

ஒன்று மட்டும் இப்போதே கேட்கிறேன். எந்த மருந்தும் நிரூபணமாகவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ ஆண்டுக்கணக்கில் சோதித்து, பலனில்லை என்று ஓர் அரங்கில் எழுந்து நின்று சொன்னதால்தானே? மீதியை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

பாடப்புத்தகம் குளிரூட்டலை ஒரே வரியில் முடித்துவிடும். அது வந்த வழி நெடியது.

1980-களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் தலைமையிலான குழு, மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளின் மூளையில் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைக் காந்த அதிர்வு நிறமாலை வழியாக அளந்தது. பிறந்த சில மணி நேரத்துக்குள் பார்த்தபோது மூளைச் செல்களின் ஆற்றல் இருப்பு ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் பார்த்தபோது சரிந்திருந்தது. சேதமெல்லாம் மூச்சுத்திணறிய நிமிடங்களிலேயே முடிந்துபோகிறது என்ற எண்ணத்தை அந்த அளவீடு உடைத்தது. மூச்சுத்திணறும்போது வரும் முதல் சரிவுக்கும் பிறகு வரும் இந்த இரண்டாவது சரிவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஏதாவது செய்ய முடியும்.

எவ்வளவு நேரம்? ஆக்லாந்தில் அலிஸ்டர் கன் குழுவினர் கருவிலிருக்கும் ஆட்டுக்குட்டிகளின் தலையைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். 1997-இல் வந்த ஆய்வில், மூளைக்கு ரத்தம் தடைபட்டு 90 நிமிடங்களில் குளிர்வித்தபோது நரம்பணுக்கள் பெருமளவு தப்பின. ஐந்தரை மணி நேரம் கழித்துத் தொடங்கியபோது பலன் குறைந்தது. எட்டரை மணி நேரத்தில், வலிப்பு தொடங்கிய பிறகு, பலன் இல்லை. இன்று எந்த வார்டிலும் "ஆறு மணி நேரத்துக்குள்" என்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிறகு மனிதக் குழந்தைகள். 2005-இல் இரண்டு பெரிய சோதனைகள் வெளியாயின. கூல்கேப் என்ற சோதனையில் 234 குழந்தைகள், தலையை மட்டும் குளிர்வித்தார்கள். மரணம் அல்லது கடும் ஊனம் 66 சதவீதத்திலிருந்து 55-ஆகக் குறைந்தது. புள்ளியியல் கணக்கில் அது உறுதியாகவில்லை. அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளின் முழு உடலையும் குளிர்வித்தார்கள். அங்கே மரணமும் மிதமான அல்லது கடும் ஊனமும் சேர்த்து 62 சதவீதம் 44 ஆனது. 2009-இல் டோபி சோதனை, 325 குழந்தைகள். முதன்மைக் கேள்விக்கு மறுபடியும் உறுதியற்ற பதில், ஆனால் நரம்புக் குறைபாடு எதுவும் இல்லாமல் பிழைத்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 44 ஆனார்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் படித்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? கடைசியில் 11 சோதனைகளையும் 1505 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்த 2013 காக்ரன் தொகுப்பாய்வுதான் விஷயத்தைத் தெளிவாக்கியது. ஏழு குழந்தைகளுக்குக் குளிரூட்டினால் ஒரு குழந்தையை மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ காக்கிறோம். ஒவ்வொரு நாட்டுக்காரரும் தத்தம் வழியில் அளந்திருந்தால் இப்படிச் சேர்க்கவே முடியாது. எந்தக் குழந்தையைச் சேர்ப்பது, எத்தனை மாதத்தில் எதைச் சோதிப்பது என்று ஒத்துப்போக, நேரில் உட்கார்ந்து சண்டை போட வேண்டியிருக்கிறது. நான் போன கூட்டங்களில் மிகச் சூடான விவாதங்கள் மருந்துகளைப் பற்றி நடக்கவில்லை, அளவுகோல்களைப் பற்றியே நடந்தன.

பிப்ரவரி 5, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியென்றால் நீலம் பாய்ந்து பிறந்த குழந்தையைப் போர்த்தாமல் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். கூடாது. கூடவே கூடாது. 33.5 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம், ஆசனவாயில் வெப்ப உணரி, ஓயாத கண்காணிப்பு, பிறகு மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறாமல் மெதுவாகச் சூடேற்றுவது: இவ்வளவும் சேர்ந்ததுதான் இந்தச் சிகிச்சை. கவனிப்பார் இல்லாமல் உடல் சில்லிட்டுப்போகும் குழந்தை செத்துப்போகும். குறைமாதக் குழந்தை இன்னும் சீக்கிரம்.

பிப்ரவரி 8

அந்த ஆறு மணி நேரம் வார்டில் எப்படி ஓடுகிறது என்பதைப் படிப்பவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

குழந்தை வேறிடத்தில் பிறந்திருக்கும். ஆம்புலன்ஸில் வந்து சேரும்போதே பாதி நேரம் போயிருக்கும். தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை ஒரு எண். பிறந்த சில நிமிடங்களில் குழந்தையின் நிலைக்குப் போடும் அப்கார் மதிப்பெண் ஒரு எண். அதற்கு மேல் எல்லாம் பார்வையும் தொடுகையும்தான். குழந்தை விழிக்கிறதா, கையை விட்டால் தொய்ந்து விழுகிறதா, சப்புகிறதா, கண்மணி சுருங்குகிறதா. சார்னட் என்ற மருத்துவத் தம்பதியர் 1976-இல் மூளைப் பாதிப்பை வகைப்படுத்த வகுத்த மூன்று நிலைகளைத்தான் இன்றும் அடித்தளமாக வைத்திருக்கிறோம். மூன்றாம் மணியில் "லேசானது" என்று எழுதிவைத்த குழந்தைக்குப் பத்தாம் மணியில் வலிப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஆறு மணி நேரம் தாண்டியிருக்கும்.

அம்மா வேறு மாடியில் படுத்திருப்பார். மூன்று நாளைக்குக் குழந்தையைத் தூக்க முடியாது. அப்பா மட்டும் வந்து நின்று, தொட்டுப் பார்த்து, "இவ்வளவு சில்லென்று இருக்கிறதே" என்பார். அவருக்கு விளக்கிச் சொல்லும் பேச்சை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஒரு மாநாட்டில், தன் மகனுக்கு இந்தச் சிகிச்சை நடந்த ஒரு தாய் மேடையேறி, அந்த மூன்று நாட்களில் யார் என்ன சொன்னார்கள், எந்தச் சொல் இன்றுவரை உறுத்துகிறது என்று வரிசையாகச் சொன்னார். "காத்திருந்து பார்ப்போம்" என்ற பேச்சைத்தான் அவரால் மன்னிக்கவே முடியவில்லை. எதற்குக் காத்திருக்கிறோம், எப்போது தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். ஐந்தாம் நாள் வாக்கில் எம்.ஆர்.ஐ. எடுப்போம், அதில் இன்னது தெரியும், இன்னது தெரியாது என்று நாள் குறித்துப் பேசும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. அந்த உரை எந்த ஆய்விதழிலும் அச்சாகவில்லை.

பிப்ரவரி 11

மாணவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "உணர்ச்சி சரி. தோற்றுப்போன மருந்துகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?"

சொல்கிறேன். செனான் வாயு: பன்றிக்குட்டிகளிலும் எலிகளிலும் குளிரூட்டலோடு சேர்த்துக் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. 2016-இல் வந்த மனிதச் சோதனையில், ஸ்கேனில் அளந்த அளவுக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. எரித்ரோபொயட்டின்: ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் அதே ஹார்மோன்தான். விலங்குகளில் மூளையைக் காத்தது, சிறிய மனிதச் சோதனைகளிலும் நம்பிக்கை தந்தது. 2022-இல் ஹீல் என்ற சோதனை, 500 குழந்தைகள். பலன் இல்லை, கடும் பக்கவிளைவுகள் மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு அதே மருந்தைக் கொடுத்த 2020 சோதனையிலும், 941 குழந்தைகளைச் சேர்த்தும், பயன் தெரியவில்லை. இன்னும் குளிராக, இன்னும் நீளமாகச் செய்தால் என்ன என்று 32 டிகிரியையும் ஐந்து நாட்களையும் முயன்ற அமெரிக்கச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இவற்றைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஹீல் முடிவு வருவதற்கு முன் எரித்ரோபொயட்டினைத் தங்கள் மருத்துவமனையில் கொடுக்கத் தொடங்கலாமா என்று தேநீர் இடைவேளையில் யோசித்துக்கொண்டிருந்த மருத்துவர்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள், குழந்தைகள்மீது அக்கறை உள்ளவர்கள். அக்கறை மட்டும் இருந்தால் அந்த ஊசி ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் போயிருக்கும். 1990-களில் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அள்ளிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? மூச்சுக்கருவியிலிருந்து குழந்தைகள் சீக்கிரம் விடுபட்டார்கள். அவர்கள் வளர்ந்தபோது, உடல் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் கூடியிருந்தது தெரிந்தது.

பிப்ரவரி 12

எதிர்பார்த்த விஷயத்தை ஒருவர் கிளப்பிவிட்டார்: ஹெலிக்ஸ்.

தெரியாதவர்களுக்கு: இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த சோதனை. சுதின் தையில் தலைமையில் நடத்தி 2021-இல் வெளியிட்டார்கள். குளிரூட்டப்பட்டவர்களில் 50 சதவீதமும் மற்றவர்களில் 47 சதவீதமும் இறந்தார்கள் அல்லது ஊனமடைந்தார்கள். அதாவது பலன் இல்லை. மரணத்தை மட்டும் எடுத்தால் 42 சதவீதம், 31 சதவீதம். குளிரூட்டியதில் கூடுதல் குழந்தைகள் இறந்தார்கள்.

பதில் எழுதிய நண்பர், "அங்கே கருவி சரியில்லை, பராமரிப்பு சரியில்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஐஸ் பைகளை வைத்து நடத்திய சோதனை அது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தானாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியோடு, மூச்சுக்கருவி வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனை. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகச் செவிலியர்கள்மேல் பழி போடாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 13

கோபம் தணிந்து யோசித்தேன். ஹெலிக்ஸ் ஏன் அப்படி முடிந்தது என்ற கேள்விக்கு ஆர்வமூட்டும் பதில்கள் இருக்கின்றன. பராமரிப்பு என்ற காரணத்தை முழுதாக ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தீவிர சிகிச்சை என்பது கருவியோடு முடிவதில்லை.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. பணக்கார நாடுகளின் சோதனைகளில் சேர்ந்த பல குழந்தைகளுக்குக் காயம் திடீரென்று ஏற்பட்டது: நஞ்சுக்கொடி பிரிந்தது, தொப்புள்கொடி நழுவியது என்பதைப் போல. ஹெலிக்ஸ் குழந்தைகளின் ஸ்கேன்களில் வெண்பொருள் (மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள்) காயமே மேலோங்கித் தெரிந்தது. நீண்ட நேரம் விட்டுவிட்டு ஆக்சிஜன் குறைந்ததை அது காட்டலாம். அப்படியானால் குழந்தை பிறந்தபோதே அந்த ஆறு மணி நேரம் கடந்திருக்கக்கூடும்.

தொற்று இன்னொரு சந்தேகம். பாக்டீரியாவின் நச்சுப் பொருளை முதலில் செலுத்திவிட்டுப் பிறகு ஆக்சிஜனைக் குறைத்தால், சிறிய குறைவுகூடப் பெரிய சேதத்தைச் செய்கிறது என்று ஸ்வீடனில் கோத்தன்பர்க் குழு எலிக்குட்டிகளில் காட்டியது. அப்படித் தொற்று முந்திக்கொண்ட எலிக்குட்டிகளைக் குளிரூட்டல் காப்பாற்றவில்லை என்று மரியன் தோரசன் குழு 2014-இல் எழுதியது. ஹெலிக்ஸ் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன். "அதே எலிகள்" என்றீர்களே, அந்த எலிகள் முன்பே எச்சரித்திருந்தன.

பிப்ரவரி 15

எலிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்காக.

ரைஸ், வனுச்சி ஆகியோர் 1981-இல் அமைத்த முறை: பிறந்து ஏழு நாளான எலிக்குட்டியின் ஒரு பக்கக் கழுத்துத் தமனியைக் கட்டி, 8 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றில் வைப்பது. ஒரு பக்க மூளை காயப்படும், மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும். இந்தத் துறையின் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது. எலியின் மூளை மடிப்பில்லாதது, வெண்பொருள் கொஞ்சம்தான். மனிதக் குழந்தையின் பிறந்த நாளுக்கு எலிக்குட்டியின் எந்த நாள் சமம் என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஏழாம் நாள் குட்டி குறைமாதக் குழந்தைக்கே அருகில் என்பவர்கள் பலர். அதனால்தான் எலியில் வென்ற மருந்தை ஆட்டுக்குட்டியிலோ பன்றிக்குட்டியிலோ மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஹெர்ஷே என்ற ஊரின் பெயரைத் தாங்கி, வளரும் மூளையின் காயத்துக்கென்றே ஒரு மாநாடு இருக்கிறது. அதைப் போன்ற சிறிய கூட்டங்களைத்தான் நான் விரும்புவேன். ஆயிரக்கணக்கானோர் கூடும் பெரிய மாநாடுகளில் போஸ்டருக்கு முன் நிற்க ஆள் கிடைக்காது. சிறிய கூட்டத்தில் எலி பார்ப்பவரும் ஸ்கேன் பார்ப்பவரும் என்னைப் போல் குழந்தையைத் தூக்கிப் பார்ப்பவரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்வோம். "குளிரூட்டும்போது வலி நிவாரணி கொடுப்பீர்களா?" என்று ஓர் ஆராய்ச்சி மாணவி என்னிடம் கேட்டார். "கொடுப்போம், மார்ஃபின்" என்றேன். தன் எலிகளுக்கு அது கொடுக்கப்படுவதில்லை என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிப்ரவரி 18

குறைமாதக் குழந்தைகளை இந்த இழை மறந்துவிட்டது. அவர்களின் பாதிப்பு வேறு வகை. 23 முதல் 32 வாரங்களில் மூளையின் வெண்பொருளில் நரம்பு உறையை உருவாக்க வேண்டிய இளம் செல்கள் நிறைந்திருக்கும். ஆக்சிஜன் குறைவையும் அழற்சியையும் அவை தாங்குவதில்லை. பலவேளை செல்கள் சாவதைவிட, முதிராமல் நின்றுவிடுவதே பெரிய சேதம்.

இங்கே "எதுவும் வரவில்லை" என்று சொல்லவே முடியாது. காஃபீன்: மூச்சு நின்றுபோகாமல் இருக்கக் கொடுத்த மருந்து. மொத்தம் 2,006 குழந்தைகளைச் சேர்த்த சோதனையில், பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பெருமூளை வாதம் 7.3 சதவீதத்திலிருந்து 4.4 ஆகியிருந்தது.

மெக்னீசியம் சல்ஃபேட்டின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். கேரின் நெல்சனும் ஜூடித் கிரேத்தரும் 1995-இல் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, பெருமூளை வாதம் வந்த குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களில் மெக்னீசியம் பெற்றவர்கள் குறைவு என்று கண்டார்கள். கர்ப்பகால ரத்த அழுத்த நோய்க்காகவும் பிரசவ வலியை நிறுத்துவதற்காகவும் கொடுத்த மருந்து அது. பிறகு முறையான சோதனைகள் வந்தன. குறைமாதப் பிரசவம் நெருங்கும் 63 தாய்மார்களுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குப் பெருமூளை வாதம் தவிர்க்கப்படுகிறது. மலிவான, பழைய மருந்து. பதிவேடுகளை ஒழுங்காக எழுதிவைத்த பெயர் தெரியாத செவிலியர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அதே நெல்சன்தான், பெருமூளை வாதத்தில் பெரும்பகுதிக்குப் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணமில்லை என்று விடாமல் காட்டியவர். "நான் சரியாக முக்கவில்லையா?" என்று என்னிடம் கேட்ட தாய்மார்கள் உண்டு. இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு அந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.

பிப்ரவரி 22

மாணவரின் புகாரில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மாநாடுகள் முதல் மூன்று நாட்களுக்குக் கொடுக்கும் நேரத்தை அடுத்த பத்து ஆண்டுகளுக்குக் கொடுப்பதில்லை.

சோதனைகளில் பெரும்பாலானவை பதினெட்டு மாதத்தில் அல்லது இரண்டு வயதில் கணக்கை முடித்துவிடுகின்றன. டோபி குழு விடாமல் ஆறு ஏழு வயதுவரை தொடர்ந்தது: அறிவுத்திறன் அளவு 85 அல்லது அதற்கு மேல் வாய்த்துப் பிழைத்தவர்கள் குளிரூட்டியவர்களில் 52 சதவீதம், மற்றவர்களில் 39. நல்ல செய்தி. ஆனால் பெருமூளை வாதம் இல்லாமல் "தப்பித்த" குளிரூட்டப்பட்ட குழந்தைகளும் பள்ளி வயதில் சக மாணவர்களைவிட அறிவுத்திறனிலும் உடல் இயக்கத்திலும் சற்றுப் பின்தங்குகிறார்கள் என்று பிரிஸ்டல் குழு காட்டியது. என் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் இவர்களுடையவர்கள். "ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றீர்களே, ஏன் பந்தைப் பிடிக்க மாட்டேன் என்கிறான்?" அந்தக் கேள்விக்கு அமர்வு எங்கே?

கூட்டங்களிலிருந்து நான் கொண்டுவந்து அதிகம் பயன்படுத்துவதும் மருந்தில்லை, ஒரு பார்வைதான். ஹைன்ஸ் பிரெக்டல் கற்றுக்கொடுத்தது: மூன்று மாதக் குழந்தையைக் கையில் எதுவும் கொடுக்காமல் மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடம் படம்பிடித்துப் பார்ப்பது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாகத் துறுதுறுவென்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் துறுதுறுப்பு இல்லையென்றால் கவலைப்பட வேண்டும். முன்பு பெருமூளை வாதத்தை ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் உறுதி செய்வார்கள். அயோனா நோவக்கும் பலரும் சேர்ந்து 2017-இல் எழுதிய வழிகாட்டுதலில், ஐந்து மாதத்துக்கு முன்பே சொல்லிவிட முடியும் என்றார்கள். ஓராண்டு முன்னதாகப் பயிற்சி தொடங்குகிறது. மூளை மிக வேகமாக வளரும் ஆண்டு அது.

பிப்ரவரி 23

"அந்த அசைவை நாங்களே வீட்டில் பார்த்துச் சொல்லலாமா?" படம் எடுக்கலாம். குழந்தை பசியோ அழுகையோ இல்லாமல் விழித்திருக்கும்போது, சூப்பானை எடுத்துவிட்டு. தீர்ப்பைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். ஒரு படத்தை வைத்து இரவெல்லாம் அழ வேண்டாம்.

பிப்ரவரி 27

மாணவர் கடைசியாகக் கேட்டது: "அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் எந்தக் கேள்வியோடு போவீர்கள்?"

லேசான பாதிப்பு. 2005-இன் பெரிய சோதனைகள் மிதமான, கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளுக்காக நடந்தவை. லேசான பாதிப்புள்ளவர்களில் ஒரு பகுதியினரும் பிறகு வளர்ச்சியில் பின்தங்குகிறார்கள் என்று தெரிந்ததும், பல மருத்துவமனைகள் அவர்களையும் குளிரூட்டத் தொடங்கிவிட்டன. எந்தச் சோதனையும் அதை இன்னும் நிரூபிக்கவில்லை. லேசான குழந்தை விழித்திருக்கும், குளிரில் நடுங்கும், பால் கேட்டு அழும். அதற்கு மார்ஃபின் கொடுத்து, மூன்று நாள் தாயின் மார்பிலிருந்து பிரித்து வைக்கிறோம். பலனுண்டு என்றால் நானே முன்னின்று செய்வேன். ஹெலிக்ஸுக்குப் பிறகு, அனுமானத்தின் பேரில் செய்ய எனக்குக் கை வரவில்லை. இதற்கென்றே சீட்டுக் குலுக்கல் முறையில் சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அந்த முடிவுகளை வாசிக்கும் நாளில் நான் அரங்கில் இருக்க வேண்டும். குழந்தைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் பரிசோதித்தார்கள், இரண்டு வயதில் எதை அளந்தார்கள் என்று எழுந்து கேட்க வேண்டும்.

அதுவரை, நான்காம் மணியில் லேசாகத் தோன்றும் குழந்தை வந்தால், பழைய வார்டுத் தோழிகளிடம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், மணிக்கொரு தடவை பரிசோதித்து எழுதிவையுங்கள், நேரத்தைக் குறிக்க மறக்காதீர்கள்.